மிஞ்சிய மண்

அத்தியாயம் 4

"திருட வந்தவன் புல்லுக்குத் தண்ணி ஊத்திட்டுப் போவானா, டோபி?"

ஹெஸ்டர் குவாரல் ஈரப் புல்லில் மண்டியிட்டபடி கேட்டாள். டோபி பெல்லிங் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான். குடை அவள் தலைக்கு, மழை அவன் தோளுக்கு என்று அவர்களுக்குள் எப்போதோ பாகப் பிரிவினை ஆகியிருந்தது.

"நல்ல வளர்ப்பா இருந்தா ஊத்துவான் மேடம். எங்க சசெக்ஸ் திருடங்க போறப்ப கதவைக்கூட சாத்திட்டுத்தான் போவாங்க."

"உங்க ஊர் போலீஸ் மட்டும் யாரை வேணாலும் பிடிப்பாங்களா?"

"கைக்கு எட்டினவனைப் பிடிப்பாங்க. ஓடிப் போய் பிடிக்கிற வயசெல்லாம் அவங்களுக்குத் தாண்டிடுச்சு."

இங்கிலாந்தின் தென்கோடியில் இருந்த அந்த வயலுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பேர் கருமண் வயல். பார்த்தால் ஒன்றும் இல்லை. குன்றின் சரிவில் கொஞ்சம் மேடு, கொஞ்சம் பள்ளம், மேலே புல். ஆனால் புல்லுக்கு ஒரு முழம் கீழே ரோமானியர் காலத்துப் பண்ணை வீடு ஒன்று படுத்திருந்தது. சுவரின் அடிக்கல், மாட்டுப்பட்டி, ரொட்டி சுட்ட அடுப்பு எல்லாம் இருந்தன. அந்த அடுப்புச் சாம்பல் தலைமுறை தலைமுறையாகக் கலந்து மண்ணே கறுத்துப் போயிருந்தது. அரசாங்கம் அந்த இடத்தைக் காப்பிடமாக அறிவித்து வேலி போட்டிருந்தது. உள்ளே ஒரு கரண்டி மண்ணைத் தொட்டாலும் குற்றம்.

அங்கேதான் ஒரு மூலையில் யாரோ குழி தோண்டி மூடியிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் ஒருத்தருடைய நாய் மோப்பம் பிடித்தது. மத்தியானத்துக்குள் போலீஸ் லயனல் விக்கன்ஸைப் பிடித்துவிட்டது. லயனல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். ஓய்வு நாளில் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு பழைய காசு தேடித் திரிகிறவன். இதே வேலியோரம் முன்பு ஒருமுறை மாட்டி எச்சரிக்கை வாங்கியவன். அவன் வண்டியில் மண்வெட்டி இருந்தது, அதில் சுண்ணாம்பு மண் ஒட்டியிருந்தது. இந்தப் பக்கத்தில் சுண்ணாம்பு ஒட்டாத மண்வெட்டி கடையில் மட்டும்தான் இருக்கும் என்று போலீசுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்று மூன்று மணிக்குத் தொல்லியல் டாக்டர் ரோவினா வந்து குழியைத் திறந்து சேதத்தைப் பார்ப்பாள். அவள் எழுதுவதை வைத்து சாயங்காலம் லயனல் மேல் வழக்குப் பதிவாகும். பதிவானால் அவன் பஸ் சாவியைத் திரும்பப் பார்க்க முடியாது. பள்ளிக்கூடம் ஏற்கெனவே வேறு ஓட்டுநரைத் தேட ஆரம்பித்துவிட்டது. காப்பிடங்களைக் கவனிக்கும் துறைக்காகத் துப்புத் துலக்குகிறவள் ஹெஸ்டர். வடக்கே ஒரு பெரிய நகரத்தில் கொலைகாரர்களைப் பிடித்து அலுத்துப்போய் இங்கே வந்து பழைய கல்லுக்குக் காவல் நிற்கிறாள். டோபி அவளுடைய உதவியாளன், ஓட்டுநர், குடைக்காரன், எல்லாம்.

"புல்லைப் பாரு," என்றாள் ஹெஸ்டர். "பாய் மாதிரி சதுரமா வெட்டி எடுத்து, அதே வரிசையில திரும்ப வெச்சிருக்காங்க. இடுக்குல மண்ணைத் தூவி, மிதிச்சு, தண்ணி ஊத்தியிருக்காங்க. புதையல் தேடறவன் என்ன பண்ணுவான்?"

"பன்னி உழுத மாதிரி போட்டுட்டு ஓடுவான்."

"அந்த வேலியோரம் போய்ப் பாரு. முள்ளுச்செடிக்கு அடியில."

டோபி போய்ப் பார்த்தான். செடிக்கு அடியில் கறுப்பு மண் பரவியிருந்தது, மேலே காய்ந்த சருகை அள்ளித் தூவியிருந்தது. ஓரிரண்டு வாளி மண் இருக்கும். மறைக்கிற கைக்குப் பழக்கம் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"மண்ணு மேடம். அதுக்கென்ன, தோண்டினா மண்ணு வரத்தானே செய்யும்? பூவா வரும்?"

"ஒரு குழியிலிருந்து ஒரு பானையை எடுத்துட்டு மண்ணைத் திரும்பப் போட்டா என்ன ஆகும்?"

"மண்ணு பத்தாது. பள்ளம் விழும்."

"இங்க பள்ளம் இல்லை. நல்லா மிதிச்சு இறுக்கின பிறகும் மண்ணு மிஞ்சியிருக்கு."

டோபியின் கையில் குடை கொஞ்சம் சாய்ந்தது. "அப்படின்னா... எடுக்கலையா? உள்ள எதையோ வெச்சிருக்காங்களா?"

"அரை மூட்டை அளவுக்கு ஏதோ வெச்சிருக்காங்க. இந்த வயல்ல இதுவரைக்கும் எல்லாரும் எடுக்கத்தான் வந்தாங்க. வைக்க வந்த முதல் ஆள் இவங்கதான்."

சொல்லிக்கொண்டே அவள் புல்லின் இடுக்கில் விரலை விட்டு எதையோ மெல்ல இழுத்தாள். ஒரு கொத்து ஆட்டு ரோமம். வெள்ளையாக, சுத்தமாக, கழுவிச் சீவி நடுவில் சணல் நூலால் ஒரு கட்டு கட்டியிருந்தது.

"இந்த வயல்ல ஆடு மேயுதா?"

"குளிர்காலம் முழுக்க விடல மேடம். ஈர மண்ணைக் குளம்பு கிண்டிடும்னு உங்க ஆளுங்கதான் தடை போட்டாங்க. அதுவும் எங்க ஊர் ஆடு எவ்வளவு நாகரிகமா இருந்தாலும் தலை சீவி ரிப்பன் கட்டிக்கிட்டு..."

அங்கே டோபி பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கொத்தைக் குனிந்து பார்த்தான். அவன் இந்தக் குன்றுக்குப் பக்கத்துக் குன்றில் பிறந்தவன். அவன் மாமா ஒருவரை அடக்கம் செய்தபோது இதே மாதிரி ஒரு கொத்தை அவன் பார்த்திருக்கிறான்.

"என்ன டோபி?"

"இது இடையருக்கு வைக்கிறது மேடம். எங்க பக்கத்துல ஆடு மேய்க்கிறவர் செத்தா, பெட்டியை மூடறதுக்கு முன்னாடி கையில ஒரு கொத்து ரோமம் வெப்பாங்க. ஆடு மேய்க்கிறவனுக்கு ஞாயித்துக்கிழமை ஏது? குட்டி போடற காலத்துல கோயில் மணி அடிச்சா ஆடு காத்திருக்குமா? அதனால மேல போய் நிக்கறப்ப, 'ஏண்டா கோயிலுக்கு வரல'ன்னு சாமி கேட்டா, கையைத் திறந்து காட்டணும். காட்டினா விட்டுடுவாராம்."

"நல்ல சாமி," என்றாள் ஹெஸ்டர். "சமீபத்துல இங்க எந்த இடையர் செத்தாரு?"

"ரூபன் ஃபனல். இந்த நிலத்தைக் குத்தகைக்கு வெச்சிருந்தவரு. பிப்ரவரியில போயிட்டாரு. ஆனா அவரு கோயில் கல்லறைத் தோட்டத்துல இருக்காரு. ஊரே போய் மண்ணு போட்டோம். கையில ரோமமும் இருந்துச்சு, நான் பார்த்தேன்."

"அப்ப இந்த ரோமம் யாருக்கு?"

டோபி கீழே ரூபனின் பண்ணை வீட்டுப் பக்கம் பார்த்தான். மழை மட்டும் விடாமல் குடையைத் தட்டிக்கொண்டிருந்தது.

* * *

ஃபனல் பண்ணை வீடு வயலுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் இருந்தது. ரூபனின் மனைவி தர்ஸா கதவைத் திறந்தாள். அறுபதைத் தாண்டியவள், ஆனால் முதுகு கோணாதவள். மழையில் வந்தவர்களைப் பார்த்ததும் யார், என்ன என்று கேட்கவில்லை. இந்த ஊரில் முதலில் கெட்டிலை அடுப்பில் வைப்பார்கள், பிறகுதான் பேர் கேட்பார்கள்.

"உக்காருங்கம்மா. நீ நம்ம பெல்லிங் வீட்டுப் பிள்ளைதானே? உங்கப்பனை மாதிரியே வளர்ந்துட்டே. வாயும் அவரு மாதிரிதானா?"

"அவருக்குப் பல்லு போனப்புறம் அந்த வேலையையும் நான்தான் பார்க்கறேன்மா."

தர்ஸா சிரித்தாள். கெட்டிலைத் தூக்கும்போது இரண்டு கைகளாலும் தூக்கினாள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. ஹெஸ்டர் அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கதவோரம் வரிசையாக ஆணிகள். ஒன்றில் தொப்பி, ஒன்றில் வளைகோல். நடு ஆணி காலி. அந்த ஆணிக்குக் கீழே சுவரில் மட்டும் புகை படியாமல், தோளும் கையும் வைத்த மாதிரி வெளுப்பாக ஒரு தடம் இருந்தது.

"இங்க ஒரு பெரிய கோட் தொங்கிக்கிட்டு இருந்திருக்கும் போலிருக்கே," என்றாள் ஹெஸ்டர்.

"ரூபனோடது. கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கினது. கனமான கோட்."

"யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்," என்றாள் தர்ஸா. கோப்பைகளை அடுக்கினாள், அடுக்கியதை மறுபடி அடுக்கினாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்: "அந்தக் குழியைத் திறக்க எப்ப வராங்க?"

"மூணு மணிக்கு."

"கட்டாயம் திறக்கணுமா? மூடினது மூடினபடி இருக்கட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

"லயனலுக்கு நஷ்டம்மா," என்றான் டோபி. "வழக்கு விழுந்தா பஸ் போயிடும். அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாது. பஸ் ஓட்டவும் துருப்பிடிச்ச ஆணியைக் கண்டுபிடிச்சுத் தங்கம்னு கத்தவும்தான் தெரியும்."

தர்ஸா உட்கார்ந்தாள். ஹெஸ்டர் தன் பையிலிருந்து ரோமக் கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதட்டவில்லை, சாட்சி இது என்று நீட்டி முழக்கவில்லை. பல வருஷம் குற்றவாளிகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்ட பெண்பிள்ளை, இப்போது ரொம்பத் தணிந்த குரலில் கேட்டாள்.

"உள்ள யாரும்மா இருக்காங்க?"

தர்ஸா அந்தக் கொத்தை எடுத்து விரலால் நீவிவிட்டாள். ஒன்று போதாது என்று இரண்டு கொண்டுபோனதாகவும், ஒன்று எங்கேயோ விழுந்துவிட்டது என்று வீடு முழுக்கத் தேடியதாகவும் சொன்னாள். டோபிக்கு அந்தச் சமையலறையை விட்டு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"அந்தப் பெரும்பனிக் குளிர்காலம் உங்களுக்குத் தெரியாது. நீங்கல்லாம் சின்னவங்க. கதவைத் திறந்தா பனிச் சுவருதான் நிக்கும். ஊருக்குப் போற பாதையே காணோம். எனக்கு அப்பத்தான், நாள் வர்றதுக்கு முன்னாடியே, வலி கண்டுச்சு. டாக்டரைக் கூப்பிட முடியல. மருத்துவச்சி வர முடியல. ரூபன்தான் பார்த்தாரு. ஆயிரம் ஆட்டுக்குப் பார்த்த கை. பெத்தவ பொழைச்சேன், பெத்தது பொழைக்கல. எனக்கு ஜுரத்துல ஒண்ணும் ஞாபகம் இல்லை. கண்ணைத் திறந்தப்ப அவரு வெளியில போயிட்டு வந்து காலுல பனியைத் தட்டிக்கிட்டு இருந்தாரு. எங்கேன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல."

"அப்புறமும் கேக்கலையா?" என்றாள் ஹெஸ்டர்.

"எப்படிக் கேப்பேன்? அந்தக் காலத்துப் பாதிரியாரு ஒரு மாதிரி. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் கோயில் தோட்டத்துல இடம் இல்லைன்னுட்டாரு. அதுக்கப்புறம் வேற பிள்ளையும் தங்கல. நானும் அவரும் ஒரே மேசையில சாப்பிட்டோம், ஒரே கட்டில்ல படுத்தோம், அதைப் பத்தி மட்டும் பேசல. பேசினா உடைஞ்சு போயிடுவோம்னு பயம். போன ஜனவரிப் பனியில படுத்த படுக்கையா இருந்தப்பத்தான் வாயைத் திறந்தாரு. 'தர்ஸா, கருமண் வயல்ல மேல் மூலையில, பழைய சுவரு அடிக்கல் ஓரமா. ஊரெல்லாம் பாறையா உறைஞ்சு கிடந்துச்சு, அந்தச் சாம்பல் மண்ணு மட்டும் பெயர்ந்துச்சு. குட்டி தூக்கற கூடையிலதான் வெச்சேன். சால்வையில சுத்தி, குதிரைப் போர்வை ஊசியைக் குத்தி வெச்சேன்'னு சொன்னாரு. அந்த ஊசியை எனக்குத் தெரியும். சுருள் உடைஞ்சு போனதை அவருதான் செப்புக் கம்பி சுத்திச் சரி பண்ணியிருந்தாரு. அப்புறம் அழுதாரு. 'ரோமம் வைக்க மறந்துட்டேன் தர்ஸா'ன்னு அழுதாரு. தெரியாதவங்களுக்கெல்லாம் வெச்சேன், என் பிள்ளைக்கு வைக்கலைன்னாரு."

டீ ஆறிப்போயிருந்தது. யாரும் தொடவில்லை.

"அதனாலதான் ஞாயித்துக்கிழமை எல்லாரும் கோயிலுக்குப் போனப்புறம் போனேன். முழுசாத் தோண்டலம்மா. தைரியம் இல்லை. முழங்கால் ஆழம் வந்ததும் நின்னுட்டேன். அந்தக் கோட்டை மடிச்சு வெச்சேன், பனியில போட்ட பிள்ளை ஆச்சே. மேல ரோமத்தை வெச்சேன். அது கோயிலுக்கே போகாத பிள்ளை. ஏன் வரலைன்னு அங்க கேட்டா, ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தேன்னு சொல்லட்டும்."

டோபி எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஒரு வாளியும் ஈர முற்றமும்தான். அவன் ரொம்ப நேரம் அந்த வாளியையே பார்த்தான்.

"லயனலைப் பிடிச்சதும் நான் போய்ச் சொல்லியிருக்கணும். தெரியும். நல்ல பையன், எனக்கு ரூபன் செத்தப்ப விறகு வெட்டிக் குடுத்தான். ஆனா சொன்னா அவங்க திறப்பாங்க. திறந்தா எடுப்பாங்க." தர்ஸாவின் குரல் இப்போதுதான் முதல் தடவையாக உயர்ந்தது. "இதே வயல்ல எடுத்த அந்த ரோமானியப் பிள்ளையை மியூசியத்துல கண்ணாடிப் பெட்டியில போட்டு வெச்சிருக்காங்களே, பார்த்திருக்கீங்களா? பள்ளிக்கூடப் பிள்ளைங்க மூக்கை வெச்சு அழுத்திப் பார்க்குது. என் பிள்ளையையும் அப்படி வெச்சுடுவாங்கம்மா. அதுக்குத்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"அப்படி நடக்காது. அது உங்க பிள்ளை. அதுக்குச் சட்டம் வேற. டாக்டர் ரோவினாகிட்ட நான் பேசறேன்," என்றாள் ஹெஸ்டர்.

"உங்க வாக்கா?"

"என் வாக்கு."

ஹெஸ்டர் குவாரல் சாதாரணமாக யாருக்கும் வாக்குக் கொடுக்கிறவள் அல்ல. டோபி அதைக் கவனித்தான். தர்ஸா எழுந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"வாங்க. நானே வந்து சொல்றேன். லயனலை விடச் சொல்லுங்க."

* * *

டாக்டர் ரோவினா முன்னதாகவே வந்திருந்தாள். ஐம்பதை நெருங்கும் ஒல்லியான பெண். வயல் ஓரத்தில் விரிப்பு போட்டுக் கரண்டி, பிரஷ் எல்லாம் வரிசையாக வைத்து, கோயிலுக்குள் நுழைகிறவள் மாதிரி காலில் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது.

தர்ஸா நேராகப் போய் அவள் முன்னால் நின்றாள்.

"டாக்டரம்மா, நான்தான் தோண்டினேன். லயனல் இல்லை. என்னைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. இதைத் திறக்காதீங்க."

ரோவினா திகைத்துப்போய் ஹெஸ்டரைப் பார்த்தாள். ஹெஸ்டர் தலையசைத்துவிட்டு, சுருக்கமாக, குழந்தை என்ற சொல்லை இன்னும் எடுக்காமல், "குடும்ப விஷயம். உள்ள வெச்சது அவங்க புருஷனோட கோட்டு. எதையும் எடுக்கல," என்றாள்.

ரோவினாவின் முகம் இளகியது. "அடடா. இதுக்கா இவ்வளவு பயந்தீங்க? கவலைப்படாதீங்கம்மா. சட்டப்படி தப்புதான், ஆனா சேதம் ஒண்ணும் இருக்காதுன்னு நானே எழுதித் தரேன். இந்த மூலையில கெட்டுப்போறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்லை. இது ஏற்கெனவே அடியில இருக்கற சுண்ணாம்புப் பாறை வரைக்கும் தோண்டி மூடின இடம். தோண்டினதே நான்தான்."

"எப்ப?" என்றாள் ஹெஸ்டர். அந்த ஒரு சொல்லில் ஏதோ இருந்தது. டோபி திரும்பிப் பார்த்தான்.

"அந்தப் பெரும் வறட்சி வருஷம். புல்லு கருகினதும் பழைய சுவரெல்லாம் படம் வரைஞ்ச மாதிரி மேல தெரிஞ்சுது. அப்புறம்தானே காப்பிடம் ஆச்சு. நான் அப்ப மாணவி."

"அந்தக் கோடை நாங்க இங்க இல்லையே," என்றாள் தர்ஸா மெதுவாக. "மேய்ச்சல் இல்லைன்னு மந்தையை ஓட்டிக்கிட்டுச் சதுப்பு நிலப் பக்கம் போயிட்டோம். திரும்பி வந்தப்ப எல்லாம் மூடி விதை தூவியிருந்துச்சு. நடு வயல்ல தோண்டினாங்கன்னுதானே சொன்னாங்க?"

"நடுவுலயும் தோண்டினோம். ஆனா அங்க பானை ஓடுதான் கிடைச்சுது. இந்த மூலையிலதான் என்னோட முதல் கண்டுபிடிப்பு." ரோவினா குழியைப் பார்த்துப் புன்னகை செய்தாள். பழைய காதலை நினைத்துக்கொள்கிறவள் மாதிரி இருந்தது அந்தப் புன்னகை. "சுவரு அடிக்கல் ஓரமா ஒரு பச்சைக் குழந்தை. ரோமானியர் காலத்துல பிறந்ததும் செத்த பிள்ளைகளை வீட்டை விட்டு அனுப்ப மாட்டாங்க. சுவரோரம், இறவாரத்துக்குக் கீழ புதைச்சு வெச்சுப்பாங்க. நாங்க படிச்ச மாதிரியே, கணக்கா அதே இடத்துல இருந்துச்சு. எங்க பேராசிரியர் துள்ளிக் குதிச்சாரு."

"டாக்டர்," என்றாள் ஹெஸ்டர். "கொஞ்சம் இப்படித் தனியா வாங்க."

ஆனால் தர்ஸா குறுக்கே வந்துவிட்டாள்.

"அது கூட என்ன இருந்துச்சு?"

"என்னம்மா?"

"பிள்ளையோட. வேற என்ன இருந்துச்சு?"

"துணி எல்லாம் மக்கிப் போச்சு. மார்புக்கிட்ட ஒரு இரும்பு ஊசி, துருப்பிடிச்சுக் கட்டியா இருந்துச்சு. அந்தக் காலத்துல மேலாடையில குத்துவாங்களே, அந்த மாதிரி. இவ்வளவு பெரிசு." ரோவினா உள்ளங்கையைக் காட்டினாள். "சுருள் உடைஞ்சு, செப்புக் கம்பி சுத்திச் சரி பண்ணியிருந்தாங்க. அதைப் பத்தி நான் ஒரு கட்டுரையே எழுதினேன். ஏழை வீட்டு ரிப்பேரு, உடைஞ்சதைத் தூக்கிப் போட மனசு வராத அப்பா யாரோன்னு..."

அவள் பேச்சு நின்றது. தர்ஸாவின் முகத்தைப் பார்த்துத்தான் நின்றது. பிறகு அவள் ஹெஸ்டரைப் பார்த்தாள், டோபியைப் பார்த்தாள். யாராவது இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்று பார்த்தாள்.

ஹெஸ்டர் அவளைக் கேட்டது ஒரே கேள்வி. "அது ரோமானியக் குழந்தைன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"ரோமானிய வீட்டுல இருந்துச்சே," என்றாள் ரோவினா. சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டாள். "சோதனை எதுவும் பண்ணல. பண்ணணும்னு யாருக்கும் தோணல. அது எங்க இருக்கணுமோ அங்க இருந்துச்சு."

அவள் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். படித்தவர்களுக்கு என்று ஒரு குருட்டுத்தனம் உண்டு. எதிர்பார்த்தது எதிர்பார்த்த இடத்தில் கிடைத்துவிட்டால் அதற்குமேல் கண்ணைத் திறக்க மாட்டார்கள். அதற்கு ஒரு தாய் விலை கொடுத்தாள். நாற்பது வருஷம் வாய் திறக்காத ஒரு புருஷனும் அதில் பங்குக்காரன்தான். ஆனால் செத்தவனை நொந்து என்ன செய்ய? டோபிக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கோபப்பட ஒரு திருடன்கூட இந்தக் கதையில் இல்லை.

எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பயந்து தர்ஸா வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அதே கண்ணாடிப் பெட்டியில்தான் அவள் பிள்ளை வருஷக்கணக்காகக் கிடந்தது.

"நான் அதைப் பார்த்திருக்கேன்," என்றாள் தர்ஸா.

ரோவினா தலையை நிமிர்த்தினாள்.

"கோயில் பெண்கள் சங்கத்துல மியூசியத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. மத்தவங்க எல்லாம் நகையைப் பார்க்கப் போயிட்டாங்க. நான் அங்கயே நின்னேன். ஆயிரத்து அறுநூறு வருஷத்துப் பிள்ளைன்னு எழுதியிருந்துச்சு. எவ பெத்த பிள்ளையோ, அவளாவது பக்கத்துல வெச்சிருந்தாளேன்னு நினைச்சேன். பொறாமையாக்கூட இருந்துச்சு. கண்ணாடி மேல கையை வெச்சேன். காவலுக்கு நின்னவரு, தொடாதீங்கம்மான்னாரு. மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

டோபி அழுதான். இருபத்தொன்பது வயதுத் தடியன், வெட்கப்படாமல் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதான். ஹெஸ்டர் அவனைப் பார்க்காமல் செல்போனை எடுத்துக் கொஞ்சம் தள்ளிப் போனாள். "லயனல் விக்கன்ஸை விட்டுடுங்க," என்று அவள் சொல்வது கேட்டது. "ஆமா, இப்பவே. இல்லை, வேற யாரையும் பிடிக்க வேண்டாம். ஏன்னு அப்புறம் சொல்றேன். பள்ளிக்கூடத்துக்கும் நீங்களே போன் பண்ணிச் சொல்லணும்." குரல் உறுதியாகத்தான் இருந்தது. பேசி முடித்த பிறகு மட்டும் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் வேலியோரம் நின்றாள்.

ரோவினா எழுந்து தர்ஸாவின் முன்னால் வந்தாள். அவள் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டம், பதவி எல்லாம் அந்தக் குழந்தையின் மேல் கட்டியதுதான். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்மா. நான் பண்ணது தப்புன்னு நானே எழுதறேன். கோயில் தோட்டத்துல உங்க புருஷன் பக்கத்துலயே வெச்சுடலாம். இப்ப இருக்கற பாதிரியார் மறுக்க மாட்டாரு."

"இந்தப் பாதிரியாரு நல்லவரு," என்றாள் தர்ஸா. "டாக்டரம்மா, உங்களுக்கு அதோட எலும்பு எல்லாம் தெரியும்தானே?"

"ஒவ்வொண்ணும் தெரியும்."

"ஒண்ணு கேக்கணும். ரூபன்கிட்ட கேக்க வாய் வரல, கடைசியில கேக்கலாம்னு நினைச்சப்ப அவருக்குப் பேச்சு போயிடுச்சு. அது ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?"

ரோவினா தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பச்சைக் குழந்தை எலும்புல அது தெரியாதும்மா. யாராலயும் சொல்ல முடியாது. இப்ப புதுசா ஒரு சோதனை இருக்கு. பண்ணினா தெரிஞ்சுடும். ஆனா அதுக்கு எலும்புல ஒரு துண்டு வெட்டி எடுக்கணும்."

தர்ஸா குழியைப் பார்க்கவில்லை. கீழே பாதையோரம் நின்ற டாக்டரின் காரைப் பார்த்தாள். அதன் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டுத்தான் பேசினாள்.

"வெட்ட வேண்டாம். ஆணோ பொண்ணோ, ஒரு தடவை என் கையில குடுங்க. நான் இன்னும் தூக்கவே இல்லை."